எட்டாம் எண் சீரம்

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். வலது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முணுமுணுக்கிறது. உங்கள் கழுத்து வலி குறைந்ததா? கடையில் குனிந்தபடியே மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி மாட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள்.

இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் அண்ணன் இறந்துபோனதிலிருந்து, இந்த இரண்டு வருடமாக, போனை எடுத்தால் நாம் இருவரும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால் எழுதுகிறேன்.

ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக ஒரு மாவு வந்திருக்கிறது. பெரிய தொட்டிகளில் ஒருவகைப் பூஞ்சையை வளர்த்து, அது சுரக்கும் புரதத்தைப் பிரித்து உலர்த்தியது. வெள்ளையாக, வாசனை இல்லாமல், முகப்பவுடர் மாதிரி இருக்கிறது. ரொட்டியிலும் பிஸ்கட்டிலும் குழந்தைகளின் சத்துமாவிலும் கலக்கப் போகிறார்களாம். அது யாருக்காவது ஒவ்வாமையைக் கிளப்புமா என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. முதலில் அந்தப் புரதத்தின் அமைப்பை, ஒவ்வாமை தரும் என்று ஏற்கெனவே தெரிந்த புரதங்களின் அமைப்போடு கணினியில் ஒப்பிடுவோம். பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது. இந்த முறை ஒரு பகுதி, எள்ளில் இருக்கும் ஒரு சின்னப் புரதத்தின் சாயலில் இருக்கிறது.

எள் என்றதும் உங்களுக்கு யார் நினைவு வரும் என்று தெரியும்.

சாயல் இருந்தால், எள் ஒத்துக்கொள்ளாதவர்களின் இரத்தத்தை வைத்துப் பார்க்க வேண்டும். இரத்தம் என்றால் சிவப்பாக இருப்பது அல்ல; அது உறைந்தபின் மேலே நிற்கும் தெளிந்த நீர், சீரம். எங்கள் ஃப்ரீசரில் அப்படி எட்டுப் பேருடைய சீரம் இருக்கிறது. யாருக்கும் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எட்டாம் எண் அண்ணன். எது யாருடையது என்று எனக்குத் தெரிந்திருக்கக் கூடாது. ஆனால் அவன் கொடுத்தபோது பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்.

அவன் கொடுத்ததில் ஒரே ஒரு குழாய் மிச்சம் இருக்கிறது. இந்தச் சோதனைக்கு எடுத்தால் அதுவும் தீர்ந்துவிடும். விதிப்படி உங்களைக் கேட்க வேண்டியதில்லை. அவன் அப்போதே சம்மதம் கொடுத்துவிட்டான். இருந்தாலும் கேட்கிறேன். நீங்கள் வேண்டாம் என்றால் எடுக்க மாட்டேன்.

கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

உங்கள்
பிராணி


பிப்ரவரி 19

அன்புள்ள பிராணிக்கு,

நானும் என் கழுத்தும் ஒருமாதிரி சமாதானமாகப் போய்க்கொண்டிருக்கிறோம். உன் முழங்காலுக்கு என் அனுதாபங்கள்.

உன் கடிதத்தின் கடைசி வரியைப் பார்த்ததும் கடையிலேயே சிரித்துவிட்டேன். கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்த அம்மா, "என்ன, நல்ல சேதியா?" என்று கேட்டார்.

"என் நாத்தனார் எழுதியிருக்கா. கையெழுத்துப் போடற எடத்துல பிராணின்னு போட்டிருக்கா."

"பெரிய படிப்பு படிச்சவங்கன்னு சொன்னீங்களே?"

"அதனாலதான் ஒத்துக்கிறா."

உன் அண்ணன் உனக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர் வைத்துவிட்டு, பிறகு சந்தேகத்தைக் கழற்றிவிட்டுப் பிராணியை மட்டும் வைத்துக்கொண்டதை அந்த அம்மாவுக்கு விளக்க எனக்குத் தெம்பில்லை.

அவர் இரத்தம் கொடுத்துவிட்டு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. எடுக்க விடவில்லை. சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, கண்ணாடி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். "தங்கச்சியோட ஆராய்ச்சிக்குக் குடுத்தேன். இனிமே உலகத்துல யாரு எதைச் சாப்பிடலாம்னு என்னைக் கேட்டுத்தான் முடிவு பண்ணுவாங்க." ஒருவர், "அப்ப உங்களுக்கு எதுதாங்க ஒத்துக்கும்?" என்றார். இவர் யோசித்து, "தண்ணி. அதுவும் நான் புடிச்சு வெச்சதா இருந்தா" என்றார்.

அதெல்லாம் அப்போதே செலவாகிப் போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். இன்னும் இருக்கிறது என்கிறாய். என்ன நிறம்? எவ்வளவு இருக்கும்? கையில் எடுத்துப் பார்த்தால் தெரியுமா, இல்லை பனிக்கட்டியாக இருக்குமா? இப்படிக் கேட்கத்தான் தோன்றுகிறது. பதில் சொல்லத் தோன்றவில்லை. கொஞ்சம் பொறு.

கடையின் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டு இரண்டு நாள் குனிந்துதான் உள்ளே போனேன். நமக்கு லென்ஸ் சப்ளை செய்கிறவர் வந்து எண்ணெய் விட்டுச் சரி செய்தார்.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி


மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. நான் வேளைக்குத்தான் சாப்பிடுகிறேன். எந்த வேளை என்பதுதான் தினமும் மாறுகிறது.

நீங்கள் கேட்டவை. குழாய் என் சுண்டுவிரலில் பாதி இருக்கும், நீல மூடி. உள்ளே இருப்பதை ஊற்றினால் ஒரு தேக்கரண்டியின் அடி நனையும், அவ்வளவுதான். உறைந்திருக்கும்போது மெழுகு மாதிரி இருக்கும். உருகினால் வைக்கோல் நிறம். ஃப்ரீசரைத் திறந்தால் வெள்ளைப் புகை முகத்தில் அடிக்கும். கையுறை போட்டிருந்தாலும் அதிக நேரம் பிடித்திருக்க முடியாது. ஒருமுறை உருக்கிய சீரத்தைத் திரும்ப உறைய வைத்தால் கெட்டுப் போகும். அதனால் எடுத்தால் எடுத்ததுதான்.

ஏன் அவனுடையது வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வாமை உள்ளவரின் சீரத்துக்கு, அவருக்கு ஒத்துக்கொள்ளாத புரதத்தை அடையாளம் தெரியும். நாங்கள் புரதத்தை ஒரு மெல்லிய தாள் பட்டையில் படிய வைத்து, அதன்மேல் சீரத்தை விடுவோம். தெரிந்த ஆளைக் கண்டால் சீரம் போய் ஒட்டிக்கொள்ளும்; சாயம் போட்டதும் அந்த இடத்தில் கறுப்பாக ஒரு கோடு விழும். எள்ளில் பல புரதங்கள் உண்டு. மற்ற ஏழு பேருடைய சீரத்துக்கும் பெரிய புரதங்களை மட்டும்தான் தெரியும். இந்த மாவின் சாயலில் இருக்கிற சின்னப் புரதத்தைத் தெரிந்து வைத்திருப்பது எட்டாம் எண் ஒன்றுதான். இதைக் கண்டுபிடித்தபோது அண்ணனிடம் சொன்னேன். "பாவம், அந்தச் சின்னதை வேற யாரும் மதிக்கல போலிருக்கு" என்றான். இன்னொரு ஆள் கிடைப்பாரா என்று பெரிய ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் எழுதிக் கேட்டாயிற்று. இதுவரை இல்லை.

எங்கள் இயக்குநர் அவசரப்படுகிறார்.

"ஏழு பேர் இருக்காங்கல்ல மேடம்? விதிக்கு அது போதுமே."

"விதிக்குப் போதும் சார். ஆனா அந்த ஏழு பேருக்கும் இதைத் தெரியாது. தெரியாதவங்ககிட்ட போட்டோவைக் காட்டி, இவரைப் பார்த்திருக்கீங்களான்னு கேட்டா, இல்லைன்னுதான் சொல்வாங்க."

"நீங்க எப்பவும் இப்படித்தான். ஜூன் மாசத்துக்குள்ள ரிப்போர்ட் வேணும்."

அதாவது ஏழு பேரை வைத்துச் சோதித்துவிட்டு நான் கையெழுத்துப் போட்டால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். எனக்கு மட்டும் தெரியும்.

அண்ணன் முதன்முதலில் வீங்கிப்போன கதையை அவன் உங்களுக்கு நூறு முறை சொல்லியிருப்பான். என் பங்கைச் சொன்னானா? பக்கத்து வீட்டு விருந்தில், மேலே எள் தூவிய ரொட்டியைத் தின்றுவிட்டு, "என் வாய் பெருசாவுது, பாரு" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அம்மாதான் அவனைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். அவன் பன்னிரண்டு வயதுப் பையன், எப்படித் தூக்கினாளோ. அதற்குப் பிறகு எங்கே சாப்பிடப் போனாலும் முதலில் என்னை அனுப்புவார்கள். எனக்கு அப்போது ஆறு வயது. எல்லாவற்றிலும் ஒரு வாய் தின்று பார்த்து, எள் இல்லை என்று நான் தலையாட்டினால்தான் அவன் வாயைத் திறப்பான். எனக்குப் பிடித்த பண்டமாக இருந்தால், "சந்தேகமா இருக்கு, இன்னொரு வாய் பாக்கணும்" என்பேன். அப்படி வந்த பெயர்தான் அது. அறிவியல் மனப்பான்மையால் வந்தது என்று இதுவரை ஊரை நம்ப வைத்திருக்கிறேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன். அவசரமில்லை.

பிராணி


ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்கள் நலமா? இதை வெறும் சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. என் கடிதம் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. கடைக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

இங்கே வேலை ஒரு படி நகர்ந்திருக்கிறது. அந்தப் புரதத்தை வயிற்றில் இருப்பது போன்ற அமிலத்திலும் செரிமானச் சாற்றிலும் போட்டுப் பார்த்தோம். சட்டென்று கரைந்துவிட்டால் கவலை குறைவு. உடம்புக்குள் முழுசாகப் போகாது. இது பிடிவாதமாகக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அதனாலேயே அது கெட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் ஏழு பேரை வைத்து முடித்துக்கொள்ளலாம் என்று இருந்த கொஞ்ச நஞ்சத் தைரியமும் போய்விட்டது.

நீங்கள் சொல்லாமல் நான் குழாயைத் தொடவில்லை.

பிராணி


ஏப்ரல் 27

அன்புள்ள பிராணிக்கு,

பயப்படாதே, உயிரோடுதான் இருக்கிறேன். கடைக்கு வெள்ளையடித்தோம். சாமான்களையெல்லாம் பின்னறையில் அடைத்து வைத்ததில் போன் எங்கோ அடியில் மாட்டிக்கொண்டது. அடிக்கிற சத்தம் மட்டும் கேட்கும், ஆளைக் காணோம்.

இப்போது வந்து பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. முன்பக்கம் பழுப்பு நிறம் போய் வெளிர் பச்சை. ஃபிரேம் மாட்டுகிற பலகையைச் சன்னல் பக்கம் திருப்பியாயிற்று. லென்ஸ்காரர்தான் சொன்னார், வெளிச்சத்தில் முகம் பார்த்தால் நான்கு ஃபிரேம் கூட வாங்குவார்கள் என்று. உண்மைதான் போலிருக்கிறது. லென்ஸ் தேய்க்கிற மெஷினையும் அவர் பிரித்துத் துடைத்தார். உன் அண்ணனின் நாற்காலி கால் ஆடிக்கொண்டிருந்தது, அதையும் மாற்றிவிட்டோம். எழுத்துப் பலகைக்கு லென்ஸ்காரர் உள்ளே விளக்கு வைத்துக் கொடுத்திருக்கிறார். வயசானவர்கள் முன்பு கடைசி வரி தெரியவில்லை என்பார்கள், இப்போது முதல் வரியே கூசுகிறது என்கிறார்கள்.

நீ ரொட்டியை எழுதியதும் எனக்கு உன் அண்ணன் என்னை முதன்முதலில் சாப்பிட அழைத்துப் போனது நினைவுக்கு வந்தது. நல்ல ஓட்டல், மேசைக்கு மேசை வெள்ளைத் துணி. எனக்கு வேண்டியதைச் சொல்லச் சொன்னார். பரிமாறுகிறவர், "சாருக்கு?" என்றதும், பையிலிருந்து ஒரு டிபன் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். "நான் கொண்டு வந்திருக்கேன். ஒரு தட்டு மட்டும் குடுங்க, கழுவினதா." அந்த ஆள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, உங்களுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்பது போல. எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. வெட்கப்படாமல் பயப்படுகிற ஒரு மனுஷனை நான் அதுவரை பார்த்ததில்லை.

குழாயை எடுத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


மே 5

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்களும் கடையும் புதுப்பொலிவோடு இருப்பதில் மகிழ்ச்சி.

உங்கள் சம்மதத்துக்கு நன்றி. இரண்டு வார்த்தையில் முடிந்துவிட்டது; அதற்கு எண்பது நாள் காத்திருந்தேன்.

அண்ணனின் நாற்காலியை மாற்றாமல் சரி செய்திருக்கலாம் என்று தோன்றியது. ஆடுகிற காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்துவிட்டு இருபது வருடம் அதில்தான் உட்கார்ந்து வேலை பார்த்தான். இப்போது அது எங்கே இருக்கிறது?

லென்ஸ்காரருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் என்னைவிட அதிக முறை அவர்தான் வருகிறார்.

இங்ஙனம்,
உங்கள் நாத்தனார்


மே 14

பிராணிக்கு,

உன் கடிதத்தில் கையெழுத்து மாறியிருந்தது. நாத்தனார் என்று போட்டால் எனக்குப் புரியாதா?

சரி, நீ மறைமுகமாகக் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். லென்ஸ்காரர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறார். அவர் மனைவி போய் ஆறு வருடமாகிறது. ஃபிரேம் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "நீங்களும் தனியா இருக்கீங்க, நானும் தனியா இருக்கேன், ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சமையலாப் போயிடும்" என்றார். இதைவிட மோசமாக ஒருவர் கேட்க முடியாது. நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. உனக்கு எழுதாததற்குக் காரணம், எப்படி எழுதுவது என்று தெரியாததுதான்.

நாற்காலி வீட்டில் சமையலறையில் இருக்கிறது. காலை நிமிர்த்திவிட்டேன். நான் காய் நறுக்கும்போது அதில் உட்காருகிறேன்.

இப்போது குழாய். ஜனவரிக் கடைசியில் உன் அண்ணனுடைய துணிமணிகளை மடித்துக் கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்து முடித்தேன். சட்டைகளில் இருந்த அவருடைய வாசனை போய் வெகுநாளாயிற்று. இனிமேல் அவருடையது என்று எதுவும் மிச்சமில்லை என்று மனசைத் தேற்றி வைத்திருந்தேன். அடுத்த வாரம் உன் கடிதம் வருகிறது, மிச்சம் இருக்கிறது என்று. அதுவும் சட்டை இல்லை, செருப்பு இல்லை, அவரே. எனக்கு உன்மேல் கோபம் வந்தது. பொறாமை என்றே வைத்துக்கொள். இரண்டு வருடமாக நீ தினமும் வேலைக்குப் போய் அவர் இருக்கிற அறையின் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்திருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மார்ச் மாதம் முழுக்க நான் பதில் எழுதாததற்கு வெள்ளையடித்தது காரணம் இல்லை.

பிறகு யோசித்தேன். விதிப்படி கேட்க வேண்டியதில்லை என்று நீயே எழுதியிருந்தாய். அப்புறம் எதற்குக் கேட்டாய்? நீ யாரையும் கேட்டு வேலை செய்கிறவள் இல்லையே. நான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்றுதான் கேட்டாய். அண்ணி மனசு கேட்கவில்லை, அதனால் எடுக்கவில்லை என்று உனக்கு நீயே சொல்லிக்கொண்டு, அதை அங்கேயே வைத்துக்கொண்டிருக்கலாம். நான் எடுத்துக்கொள் என்றதும் உனக்குக் கோபம் வந்துவிட்டது. பழியை லென்ஸ்காரர் தலையில் போட்டாய். அவர் பாவம், எழுத்துப் பலகைக்கு விளக்கு வைத்தார், அவ்வளவுதான்.

தப்பாக எழுதியிருந்தால் சொல். நான் படித்தவள் இல்லை என்று விட்டுவிடாதே. நானும் பட்டம் வாங்கியவள்தான்.

அது உன் கையில் இருக்கிறது. எடுப்பதும் விடுவதும் உன் இஷ்டம். என்னைச் சாக்காக வைக்காதே.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா இல்லையா?

அண்ணி


ஜூன் 11

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறீர்களா? நான் பரவாயில்லை. முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கவில்லை.

நீங்கள் எழுதியது தப்பில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வராது.

உங்கள் கடிதம் வந்த பிறகு இரண்டு முறை ஃப்ரீசர் வரை போய்விட்டு வேறு எதையோ எடுத்துக்கொண்டு திரும்பினேன். இயக்குநர் மறுபடியும் கூப்பிட்டார். ஏழு பேரை வைத்து எழுதிய அறிக்கை மேசைமேல் இருந்தது. என் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலி. "பேனா வேணுமா மேடம்?" என்றார். "இன்னும் ஒரு சோதனை பாக்கி இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

திங்கட்கிழமை காலை எடுத்தேன். பனிக்கட்டி நிரப்பிய பெட்டியில் நிறுத்தி வைத்தேன். மெல்ல உருக வேண்டும். வழக்கமாக அந்த நேரத்தில் வேறு வேலை பார்ப்பேன். அன்றைக்குப் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஓரத்திலிருந்து தெளிந்துகொண்டு வந்து, நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதுவும் போய் முழுக்க வைக்கோல் நிறமாயிற்று.

இரண்டு பட்டைகள். ஒன்றில் எள், இன்னொன்றில் புது மாவு. எள்ளையும் வைப்பது சீரத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. இரண்டின்மேலும் விட்டு, கழுவி, சாயம் போட்டேன். எள் இருந்த பட்டையில் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. அந்தச் சின்னப் புரதம் இருக்கும் இடத்தில் நல்ல கறுப்பு. இத்தனை வருடம் உறைந்து கிடந்தும் அவன் எள்ளை மன்னிக்கவில்லை.

புது மாவின் பட்டையில் ஒன்றும் இல்லை.

நான் நம்பவில்லை. உறையவிடாமல் குளிரில் வைத்திருந்த மிச்சத்தை வைத்து மறுநாள் இன்னொரு தடவை செய்தேன். எள்ளில் கோடு, மாவில் வெறும் தாள். அதோடு குழாய் தீர்ந்தது. காலிக் குழாயை மற்றக் குழாய்களோடு போட வேண்டிய பையில் போட்டேன்.

கோடு விழுந்திருந்தால், அண்ணன் எத்தனையோ பேரைக் காப்பாற்றிவிட்டான் என்று உங்களுக்கு எழுதியிருப்பேன். எனக்கும் அப்படி ஒரு ஆசை இருந்தது என்று நினைக்கிறேன். இயக்குநர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "இல்லைன்னுதானே வந்திருக்கு? ஏழு பேரை வெச்சே இதைத்தானே சொல்லியிருப்போம். ஒரு அருமையான சீரம் வீணாப் போச்சே மேடம்."

"வீணாகல சார். தெரிஞ்சவர்கிட்ட கேட்டோம். இவரைத் தெரியாதுன்னு சொல்லிட்டார்."

பாதுகாப்பானது என்று நாங்கள் எழுதுவதில்லை. இந்தச் சோதனைகளில் எதிர்வினை எதுவும் காணப்படவில்லை என்றுதான் எழுதுவோம். எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

எங்கே போனாலும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனவன். கடைத்தெருவில் ஒரு பிஸ்கட்டைக் கூட வாங்கி வாயில் போட்டதில்லை. இதை அவன் சாப்பிட்டிருக்கலாம், அண்ணி. அந்தக் குழாய் சொன்னது அவ்வளவுதான்.

உங்கள்
பிராணி


ஜூன் 20

அன்புள்ள பிராணிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் பிரிக்கவில்லை; வீட்டுக்குக் கொண்டுவந்து படித்தேன். நல்லதாகப் போயிற்று. அழுது முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவர் சாப்பிட்டிருக்கலாம் என்கிறாய். உன் அண்ணனை உனக்குத் தெரியவே தெரியாதா? சாப்பிட்டிருக்கவே மாட்டார். பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பார். லென்ஸ் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு பொடி எழுத்தையெல்லாம் படித்திருப்பார். நான், "உங்க தங்கச்சியே சோதனை பண்ணி ஒண்ணும் இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கா, சாப்பிடுங்க" என்பேன்.

"அவ சொன்னாளா, காணப்படலைன்னு எழுதினாளா?"

"காணப்படலைன்னுதான்."

"பார்த்தியா. அவளே தப்பிச்சுக்கிறா. எதுக்கும் நீ மொதல்ல சாப்பிடு."

பிறகு நான் தின்றுவிட்டு ஒன்றும் ஆகாமல் உட்கார்ந்திருப்பதை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பசிக்கவில்லை என்று சொல்லியிருப்பார்.

இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அவர் போன பிறகு அவரை நினைத்துச் சிரித்தது இப்போதுதான்.

நேற்று லென்ஸ்காரரிடம் சரி என்று சொன்னேன். அவர் கையில் இருந்த ஃபிரேம் பெட்டி கீழே விழுந்தது. பொறுக்கி எடுத்து, எத்தனை உடைந்தது என்று பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆகலை" என்றார். தன்னைச் சொன்னாரா, ஃபிரேமையா என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்டில் கடையைச் சில நாள் மூடலாம் என்று இருக்கிறேன். உன்னைப் பார்த்து இரண்டு வருடமாகிறது. நான் தனியாக வரவா, அவரையும் அழைத்துக்கொண்டு வரவா? மனசில் உள்ளதை எழுது. தனியாக வா என்றாலும் நான் வருவேன்; அதில் மாற்றம் இல்லை.

அண்ணி


ஜூலை 9

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எண்ணெய் தேய்க்க ஆரம்பித்திருக்கிறேன். முழங்கால் இன்னும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஃப்ரீசரில் எட்டாம் எண் இருந்த இடம் இப்போது காலி. ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து எள் ஒத்துக்கொள்ளாத இன்னொருவரின் சீரம் வரப்போகிறது. அவருக்கு ஒன்பது என்று எண் கொடுப்போம். தீர்ந்துபோன எண்ணை அடுத்தவருக்குக் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. இது என் ஏற்பாடு அல்ல; ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான்.

முன்னறையை ஒழித்து வைத்திருக்கிறேன். சன்னலுக்கு வெளியே சைக்கிள் பழுது பார்க்கும் கடை. காலையில் கொஞ்சம் சத்தமாக இருக்கும். கட்டில் இருவருக்குப் போதும். சமையல் நானே செய்கிறேன். ஓட்டல் வேண்டாம்.

அவருக்கு என்னென்ன ஒத்துக்கொள்ளாது என்று கேட்டு எழுதுங்கள். எல்லாம் ஒத்துக்கொள்ளும் என்றுதான் முதலில் சொல்வார். இன்னொரு தடவை கேளுங்கள்.

உங்கள்
பிராணி